கல் தேர் நிற்கிறது, பஸ் எங்கே?

புதுக்கோட்டை ஜில்லா குளத்தூர் தாலுகாவில் குன்றாண்டார்கோவில் என்று ஓர் ஊர். ஏட்டில் அப்படி, ஜனங்கள் வாயில் குன்னாண்டார்கோவில். எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், அங்கே குன்றைக் குடைந்து சிவன் கோவில் எடுத்தார்கள். பிற்காலத்தில், விஜயநகர ஆட்சியில், அதன் முன்னே ஒரு கல் மண்டபம் எழுந்தது. அந்த மண்டபம் ஒரு தேர். சக்கரமும் கல், இழுக்கிற குதிரையும் கல். ராஜாக்களின் பெயரைச் சரித்திரம் சொல்கிறது. உளி பிடித்த தொழிலாளியின் பெயரை அது விசாரித்ததே இல்லை.

அந்தத் தேரைப் பார்க்க வெளியூர்க்காரர் காரில் வருகிறார். பார்க்கிறார், படம் எடுக்கிறார், போகிறார். அவர்மீது நமக்குப் புகார் இல்லை. பழைய சிற்பம் எல்லோருக்கும் சொந்தம், நன்றாகப் பார்க்கட்டும். நாம் பேச வந்தது வேறு ஆளைப் பற்றி. குன்றின் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்து, பொழுது விடியுமுன் தூக்குவாளியில் கஞ்சியோடு ரோட்டோரம் நிற்கிறாளே, அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் எதில் போவாள்? இருட்டியபின் எதில் திரும்புவாள்? கல் தேர் எந்நேரமும் நிற்கும். அதில் ஏறி வேலைக்குப் போக முடியாது.

ஜில்லாப் படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை போகிற பெரிய ரோடு. கிழக்கே தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டை போகிற பெரிய ரோடு. இரண்டிலும் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வானம் பார்த்த பூமி. குளத்தையும் கிணற்றையும் நம்பிக் கிடக்கிற கிராமங்கள். குன்றாண்டார்கோவில் அந்த நடுவில் இருக்கிறது. பெரிய ரோட்டில் இருக்கிறவனுக்கு ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ். நடுவில் இருக்கிறவனுக்கு ஒரு பஸ் தவறினால் ஒரு நாள் கூலி.

பஸ் என்பது ஒரு சௌகரியம், மின்விசிறி மாதிரி. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சமாளிக்கலாம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். நாம் சொல்கிறோம்: பஸ் கூலியின் ஒரு பகுதி. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும்.

விவசாயத் தொழிலாளி தன்னிடம் இருக்கிற ஒரே சரக்கை, தன் உழைப்பு சக்தியை, விற்று வாழ்கிறான். சரக்கை விற்கிறவனுக்கு நாலு சந்தை தெரிந்தால் விலை பேசுவான். ஒரே சந்தை என்றால் வாங்குகிறவன் சொன்னதே விலை. காலை ஆறரை மணிக்குக் கீரனூருக்கு ஒரு பஸ் நிச்சயமாக வரும், அங்கிருந்து திருச்சிக்குக் கட்டட வேலைக்குப் போகலாம், இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பலாம் என்றால் என்ன ஆகும்? உள்ளூர்ப் பண்ணைக்காரர் தம் வயலுக்கு ஆள் கூப்பிடும்போது அந்தக் கட்டடக் கூலியை மனத்தில் வைத்துத்தான் பேசவேண்டும். பஸ் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் பேச்சே வேறு. "இஷ்டமிருந்தால் வா" என்பார். சங்கம் வைத்துக் கூலி உயர்வு கேட்கிறோம். அந்தக் கோரிக்கைக்கு முதுகெலும்பு, வேறிடத்தில் வேலைக்குப் போக நம்மால் முடியும் என்பதுதான். பஸ் இல்லாத கிராமத்தில் கூலிப் போராட்டத்தை ஒரு காலைக் கட்டிக்கொண்டு நடத்துகிறோம்.

காலனி மக்களுக்கு இது இன்னும் கொடுமை. பஸ் நிற்கிற இடம் ஊருக்குள் இருக்கும். காலனி அதற்கும் அப்பால் தள்ளி இருக்கும். மழைக் காலத்தில் சேற்றில் நடந்து வந்து சேருவதற்குள் வண்டி போய்விடும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்: பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் அங்கே டிக்கெட்தான் ஜாதி. பக்கத்தில் உட்காராதே என்று சொல்ல முடியாத இடங்கள் கிராமத்தில் அதிகமில்லை. பஸ்ஸை நாம் கேட்பதற்கு அது ஒரு காரணம். பஸ் வரவேண்டாம் என்று சில பேர் உள்ளூர ஆசைப்படுவதற்கும் அது ஒரு காரணமாயிருக்கலாம்.

மில் தொழிலாளிகளுக்கு வேறொரு கதை. தமிழ்நாட்டின் நூற்பாலைப் பகுதிகளில் மில்லின் வேன் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாசலுக்கே வண்டி வருகிறது, நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், வேறு வண்டியும் இருக்குமானால். பஸ்ஸே இல்லாத இடத்தில் அந்த வேன் ஒரு கயிறு. ஷிப்ட் முடிந்தபின் இன்னும் நாலு மணி நேரம் வேலை செய் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து எதில் ஏறுவாள்? சங்கக் கூட்டம் நடக்கிறது, அரை மணி இருந்துவிட்டுப் போ என்று நாம் கூப்பிட்டால், வேன் போய்விடும் என்கிறாள். அவள் பயந்தவள் என்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வேனில் இடம் போனால் வேலை போயிற்று. முதலாளி ஓட்டுகிற வண்டியில் தொழிலாளி முதலாளியின் நேரப்படிதான் வாழவேண்டும். சர்க்கார் பஸ் ஓடினால் அந்தக் கயிறு தானாக இளகும்.

இனி நேரக் கணக்கைப் பாருங்கள். போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒரு தொழிலாளி காத்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிரயாண நேரத்தை இதில் சேர்க்கவில்லை, வெறும் காத்திருப்பு. மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகப் பிரித்தால் ஆறு நாளுக்கு மேல் வருகிறது. மாதத்தில் ஆறு நாள் கூலியில்லாமல் ரோட்டோரம் நின்றிருக்கிறாள். எட்டு மணி நேர வேலை என்று போராடி வாங்கினோம். அவள் வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்புவதற்குள் பன்னிரண்டு மணி ஆகிறது. இந்த லட்சணத்தில் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் கிளர்ந்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. அது நிலைத்திருந்தால் நடுக்காட்டுக் கிராமத்துத் தொழிலாளிக்கு வீட்டில் தூங்க மட்டுமே நேரமிருந்திருக்கும்.

பிரயாணம் வேலையின் பகுதி என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமல்ல. சட்டமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்காகப் பத்து சதவீதம் கூடுதல் கூலி கொடுக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேருகிற விபத்தையும் வேலையில் நேர்ந்த விபத்தாகக் கொள்ளலாம் என்றார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003ஆம் வருஷம் அதிகாலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் இருக்கையில், விபத்தில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் இறுதியாகச் சொன்னது 2025 ஜூலையில். இருபத்திரண்டு வருஷம்! தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வழியில் செத்தால் அது வேலை நேரம். உயிரோடு போய்ச் சேர்ந்தால் அது தொழிலாளியின் சொந்த விவகாரம்.

விபத்து என்றதும் லோடு ஆட்டோ நினைவுக்கு வருகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை மாடு ஏற்றுவதுபோல் ஏற்றிக்கொண்டு போகிற காட்சி தஞ்சை எல்லையில் புதிதல்ல. வண்டி கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையில் "அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்றதால்" என்று எழுதுகிறார்கள். யார் ஏன் ஏறினார்கள் என்று எழுதுவதில்லை. பஸ் ஓடுகிற ரோட்டில் எவளும் ஆசைக்காக லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு போகமாட்டாள்.

புதுக்கோட்டை ஜில்லாவின் பெண்களுக்குப் போக்குவரத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. அவர்கள் நாட்டுக்கே பாடம் நடத்தியவர்கள். 1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயத் தொழிலாளிப் பெண்கள், கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் மணியடித்துக்கொண்டு போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சைக்கிள் கற்ற பெண்கள் மொத்தம் லட்சத்துக்கு மேல் என்றும் அவர் குறிப்பிடுகிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று பழித்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் குடத்தைக் கட்டிக்கொண்டு, பின்னால் பிள்ளையை உட்காரவைத்து மிதித்தார்கள்.

அந்த இயக்கத்தைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பஸ்ஸுக்காக ஓர் ஆண்பிள்ளையின் துணையையும், வராத வண்டியையும் எதிர்பார்த்துக் கிடந்த பெண்ணுக்கு அந்தச் சைக்கிள் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. விளைந்ததை ஒரு சந்தையோடு நிற்காமல் நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. ஆனால் குன்றாண்டார்கோவிலிலிருந்து திருச்சிக்குத் தினமும் சைக்கிள் மிதிக்க முடியுமா? கர்ப்பிணியைச் சைக்கிளில் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா? அந்த ஆஸ்பத்திரியே இப்போது நகரத்துக்கு வெளியே! 2017இல் திறந்த சர்க்கார் மருத்துவக் கல்லூரி முள்ளூரில் இருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஒரு பஸ், நகரத்திலிருந்து அங்கே இன்னொரு பஸ். பெண்கள் தங்கள் கடமையைச் செய்து காட்டிவிட்டார்கள். சர்க்கார் அந்தச் சைக்கிளைக் காட்டித் தன் கடமையிலிருந்து நழுவக்கூடாது.

ரயில் விஷயத்திலும் இந்தச் சீமைக்கு எப்போதும் பின்வரிசைதான். தஞ்சைக்கும் திருச்சிக்கும் 1860களிலேயே ரயில் வந்தது. நடுவில் தொண்டைமான் சமஸ்தானம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீட்டர் கேஜ் பாதை 1929இல்தான் வந்தது. மறு வருஷம் மானாமதுரைக்கு நீண்டது. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974இல் தனி ஜில்லாவும் ஆயிற்று. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதையும் வந்தது. ஆனால் தஞ்சாவூர் புதுக்கோட்டை ரயில் பாதை என்கிற பழைய கோரிக்கை இன்னும் காகிதத்தில் கிடக்கிறது. அந்தப் பாதை வந்தால் கந்தர்வகோட்டைப் பகுதிக்கு ரயில் கிட்டும். நாம் சொன்ன நடுப் பிரதேசத்துக்கும் கிழக்குப் பக்கம் ஒரு வாசல் திறக்கும். டில்லியில் இதற்காகப் பேச ஆள் வேண்டுமே. 1962லும் 1967லும் புதுக்கோட்டைத் தொகுதி தோழர் ஆர். உமாநாத்தைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009 தேர்தல் முதல் புதுக்கோட்டை என்று ஒரு பார்லிமெண்ட் தொகுதியே இல்லை. ஜில்லாவைத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என நாலு தொகுதிக்குக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலு பேருக்குப் பொதுவான மாடு, தண்ணீர் காட்ட யாருமில்லை.

இருக்கிற ரயிலின் கதி என்ன? கொரோனாவைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் ரயில்களுக்கு "ஸ்பெஷல்" என்று பெயர் மாற்றி, பத்து ரூபாயாயிருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாயாக்கினார்கள். அதே பெட்டி, அதே இருக்கை, அதே நேரம். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. கீரனூர் போன்ற சிறு நிலையத்தில் ஏறுகிறவன் பைக்குள்ளிருந்து எடுத்த பணத்தை எந்த மந்திரி திருப்பிக் கொடுத்தார்?

நோய் நம் நாட்டில் மட்டும் இல்லை. நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே 1963இல் ஒரு அறிக்கை வந்தது. ரசாயனக் கம்பெனி டைரக்டராயிருந்த பீச்சிங் என்பவரை ரயில்வேக்குத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். அவர் கணக்குப் போட்டு, நஷ்டம் தருகிற 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடு என்றார். அவரை நியமித்த போக்குவரத்து மந்திரி மார்பிள்ஸ், ரோடு போடுகிற கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். இது ஏதோ தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். கிளாஸ்டன்பரி என்று பழைய மடாலயத்துக்குப் பேர்போன ஊர். நம் குன்றாண்டார்கோவில் மாதிரி சரித்திரமுள்ள இடம். 1966 மார்ச்சில் அங்கே ரயில் நின்றது. அதற்குப் பதில் பஸ் விடுவோம் என்ற பேச்சு என்ன ஆயிற்று? 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலையும் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். லாபமுள்ள ரோட்டில் கம்பெனிகள் முட்டிமோதின. கிராமத்து ரோடுகளில் வண்டி குறைந்துகொண்டே வந்தது. கிளைப் பாதையில் வருமானம் இல்லை என்று வெட்டினார்கள். வெட்டியபின் பெரிய பாதைக்கு வந்து சேருகிற ஜனங்களும் குறைந்தார்கள். கிளையை வெட்டிவிட்டு மரம் ஏன் காயவில்லை என்று கேட்கிற புத்திசாலித்தனம் இது.

நம் ஊரில் இதே கணக்குக்குப் பெயர் "கலெக்ஷன்". 1972இல் தமிழ்நாட்டில் பஸ் முதலாளிகளிடமிருந்து வழித்தடங்களை எடுத்துச் சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களை அமைத்தபோது நாட்டுக்குக் கிடைத்தது பெரிய சொத்து. நம் நாட்டில் பல ராஜ்யங்களைக் காட்டிலும் இங்கே கிராமத்துக்குப் பஸ் அதிகம் என்றால் காரணம் அதுதான். அந்தச் சொத்தை இப்போது கலெக்ஷன் என்கிற ஒரே தராசில் நிறுக்கிறார்கள். கலெக்ஷன் குறைந்த டிரிப்பை வெட்டு. டிரைவர் லீவா, கிராமத்து டிரிப்பை வெட்டு. வண்டி ஒர்க்ஷாப்பிலா, கிராமத்து டிரிப்பை வெட்டு. கடைசி பஸ் மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் யாரும் அதை நம்பிக் காத்திருக்கமாட்டார்கள். அப்புறம் "பிரயாணிகள் இல்லை" என்று எழுதுவார்கள்.

2021 மே 8ஆம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதை நாம் முழு மனத்தோடு வரவேற்கிறோம். கூலிப் பெண்ணின் முந்தானையில் மாதாமாதம் சில நூறு ரூபாய் தங்குகிறது. அது கூலி உயர்வுக்குச் சமானம். 2022இல் ஒரு மந்திரி இதையே மேடையில் "ஓசி" என்று சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானார். ஓசியல்ல ஐயா, உரிமை. ஆனால் டிக்கெட் வாங்கவேண்டாம் என்கிற உரிமை பஸ் வருகிற ஊரில்தான் செல்லும். நாளுக்கு நாற்பது டிரிப் ஓடுகிற நகரத்துப் பெண்ணுக்கும் இரண்டு டிரிப் ஓடுகிற கிராமத்துப் பெண்ணுக்கும் சட்டம் ஒன்று, பலன் ஒன்றா?

நடுக்கிராமங்களுக்கு மினி பஸ் வருகிறதே என்பார்கள். 1997இலும் மினி பஸ் திட்டம் வந்தது, தனியாருக்குக் கொடுத்தார்கள், பல வழித்தடங்கள் காலப்போக்கில் நின்றுபோயின. 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அதுவும் தனியாருக்கே. மினி பஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குறுகிய ரோட்டுக்குச் சிறிய வண்டிதான் சரி. அதைச் சர்க்கார் கழகமே ஓட்டட்டும், பெண்களுக்குக் கட்டணமில்லாமல் ஓட்டட்டும் என்கிறோம். லாபத்துக்கு ஓட்டுகிறவன் காலையும் மாலையும் கூட்டமிருக்கும்போது ஓட்டுவான். இரவு ஒன்பது மணிக்கு மில் ஷிப்ட் முடிந்து வருகிற ஆறு பேருக்காக ஓட்டமாட்டான். அந்த ஆறு பேருக்காக ஓட்டுவதற்குத்தான் சர்க்கார் இருக்கிறது.

ஒன்று சொல்லியாகவேண்டும். பஸ் வராத கோபத்தை டிரைவர், கண்டக்டர்மீது காட்டுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. டிரிப்பை வெட்டுவது கண்டக்டரல்ல. ஆள் எடுக்காமல், ஓய்வு பெற்றவனுக்குப் பாக்கி கொடுக்காமல், பழைய வண்டியை ஓட்டச் சொல்கிற நிர்வாகத்தின் பாரம் அவன் தலையிலும் இருக்கிறது. 2018 ஜனவரி 4ஆம் தேதி தொடங்கி எட்டு நாள் போக்குவரத்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மாதம் 20ஆம் தேதி சர்க்கார் கட்டணத்தை ஏற்றியது. தொழிலாளி சம்பளம் கேட்டதால்தான் டிக்கெட் விலை ஏறியது என்று ஒரு பிரசாரத்தையும் கூடவே அவிழ்த்துவிட்டது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். மாதம் முடிவதற்குள் கொஞ்சம் இறக்கவேண்டியதாயிற்று. பிரயாணியும் கண்டக்டரும் ஒரே பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மாதம் சாட்சி.

இப்போது செய்யவேண்டியது. "பஸ் வசதி வேண்டும்" என்று ஒற்றை வரியில் மனுக் கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அப்படி எழுதாதீர்கள். ஒவ்வொரு கிராமத்திலும், காலனியிலும், விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும், எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, இப்போது எதில் போகிறார்கள், என்ன செலவு, எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எழுதட்டும். வெட்டப்பட்ட டிரிப்புகளைத் தேதி போட்டு எழுதட்டும். டெப்போவின் ரிஜிஸ்தரோடு ஒப்பிட அது தேவைப்படும். கணக்கு நம் கையில் இருந்தால் கலெக்ஷனைக் காட்டி நம்மை ஏய்க்க முடியாது. மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். அன்று அந்த நோட்டுப் புத்தகத்தோடு போகவேண்டும். கீரனூருக்கு இத்தனை மணிக்கு, கந்தர்வகோட்டைக்கு இத்தனை மணிக்கு, கடைசி பஸ் இத்தனை மணிக்கு என்று நேரத்தோடு தீர்மானம் எழுதச் சொல்லவேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்தாகும்வரை ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போகக்கூடாது.